இடக்கைக்கு இடமில்லாத கேமரா

டிஎஸ்எல்ஆர் கேமராவைக் கையில் எடுப்பவர்கள், அது வலக்கைக்கென்றே வார்க்கப்பட்ட பொருள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நாங்களும் எண்ணியதில்லை. எங்கள் வாப்பாவின் வலக்கை ஓய்ந்த பின்னர்தான் அது எங்கள் கண்ணில் பட்டது.

இதை எழுதும் நாங்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள். மேலப்பாளையத்தில் வாப்பா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு சிறிய ஸ்டூடியோ நடத்தினார். வளைகுடாவுக்குப் புறப்பட்ட இளைஞர்களின் பாஸ்போர்ட் படங்கள், ஹஜ் விண்ணப்பத்துக்காக வெள்ளைப் பின்னணியில் எடுத்த பெரியவர்களின் படங்கள், பள்ளிக்கூடத்தின் ஆண்டிறுதிக் குழுப் படங்கள் என்று ஊரில் பாதிப் பேரின் முகம் அவருடைய கண்ணைக் கடந்து போயிருக்கிறது. எங்களுக்குச் சோறு போட்டதும் எங்களைப் படிக்க வைத்ததும் அந்தக் கேமராக்கள்தாம். ஆயினும் அவற்றை நாங்கள் அறிந்திருந்தோமா என்றால், இல்லை. வீட்டில் எப்போதேனும் எடுத்தால், மேலே உள்ள சக்கரத்தைப் பச்சை நிறத் தானியங்கிக் குறியில் நிறுத்திவிட்டுப் பொத்தானை அமுக்குவோம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

வாப்பா தொழில் கற்றது பென்டாக்ஸ் கே1000 என்னும் ஃபிலிம் கேமராவில். 1976இல் வெளிவந்த அந்தக் கேமராவில் மின்கலம் வெளிச்சமானிக்கு மட்டுமே. மற்றவை அனைத்தும் இயந்திரம். அதில் வேலை இரு கைகளுக்கும் பகிர்ந்து தரப்பட்டிருந்தது. மேல்தட்டின் வலப்புறத்தில் ஷட்டர் வேகத்துக்கான சக்கரம், அதனருகே பொத்தான், ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோல். இவை வலக்கையின் பொறுப்பு. லென்ஸைச் சுற்றியுள்ள அபர்ச்சர் வளையமும் குவிய வளையமும் இடக்கையின் பொறுப்பு. எவ்வளவு வெளிச்சம் நுழைய வேண்டும், எது தெளிவாகத் தெரிய வேண்டும் என்னும் இரண்டையும் இடக்கையே தீர்மானித்தது.

பின்னர் காலம் மாறியது. 1986இல் கேனான் நிறுவனம் டி90 என்னும் கேமராவை வெளியிட்டது. ஜெர்மானிய வடிவமைப்பாளர் லூயிஜி கொலானியின் பங்களிப்போடு உருவான அதன் உடலில் நேர்க்கோடுகள் குறைந்து, கைக்குள் அடங்கும் வளைவுகள் வந்தன. ஷட்டர் பொத்தானுக்குப் பின்னால், ஆள்காட்டி விரல் உருட்டும்படி ஒரு சிறு சக்கரம் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தொடங்கிய ஈஓஎஸ் வரிசையின் லென்ஸ்களில் அபர்ச்சர் வளையமே இல்லை; அந்த வேலையும் உடலில் உள்ள சக்கரத்துக்குப் போயிற்று. 1989இல் வந்த ஈஓஎஸ்-1 கேமராவின் முதுகில் கட்டைவிரலுக்கென இன்னொரு சக்கரம் அமைந்தது. குவியத்தை இயந்திரம் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கியது. இன்று நம் கையில் இருக்கும் பெரும்பாலான டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் உருவம் அந்த வழியில் வந்ததுதான்.

இதன் விளைவு என்ன? இடக்கை சுமைதாங்கி ஆயிற்று. லென்ஸை அடியில் தாங்குவதும் ஜூம் வளையத்தைத் திருப்புவதுமே அதன் வேலை. முடிவெடுக்கும் வேலைகள் ஏறத்தாழ முழுவதும் வலக்கைக்குச் சென்றன. கேமராவின் வலப்புறத்தில் புடைத்திருக்கும் பிடியை மூன்று விரல்கள் பற்றுகின்றன. பேட்டரியும் அந்தப் புடைப்புக்குள்தான் இருக்கிறது. ஆள்காட்டி விரல் பொத்தானில். பாதி அமுக்கினால் குவியமும் வெளிச்ச அளவும், முழுதும் அமுக்கினால் படம். அதே விரல் சற்றுப் பின்வாங்கினால் முன்சக்கரம். கட்டைவிரல் முதுகுப்புறத்துச் சக்கரத்தில். இவ்வளவும் எதற்காக? கண் வியூஃபைண்டரை விட்டு விலகக் கூடாது என்பதற்காக. நல்ல கேமராவின் உடல், இருட்டிலும் விரல் வழிதவறாதபடி அமைக்கப்பட்டது. எங்கள் கேமராவின் ஐஎஸ்ஓ பொத்தானில் கடுகளவு புடைப்பு ஒன்று உண்டு, விரல் பார்த்துக்கொள்வதற்காக.

அந்த விரல்கள்தாம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஓய்ந்தன.

பக்கவாதம் வந்தபோது வாப்பாவின் பேச்சை அல்லாஹ் காப்பாற்றித் தந்தான். கால் மெல்ல மெல்லத் திரும்பியது. வலக்கை மட்டும் தோளிலிருந்து தொங்கும் பொருளாகத் தங்கிவிட்டது. வலக்கையால் உண்ண வேண்டும், வலக்கையால் கொடுக்க வேண்டும் என்று சிறு வயதில் எங்களைத் திருத்தித் திருத்தி வளர்த்தவர், இடக்கையால் கரண்டி பிடிக்க நேர்ந்தபோது எங்கள் முன்னால் உண்ணவே கூச்சப்பட்டார். பள்ளிவாசல் இமாம் வீட்டுக்கு வந்து, இயலாதவருக்கு இதில் குற்றமில்லை என்று எடுத்துரைத்த பிறகே அவர் எங்களோடு ஸஹனில் அமர்ந்தார். அவருடைய இடக்கைக்கு மார்க்கம் இடம் தந்தது. கேமரா தரவில்லை.

ஓரிரவு ஸ்டூடியோ அறையில் விளக்கெரிவதைக் கண்டு எட்டிப் பார்த்தோம். வாப்பா கேமராவை மடியில் வைத்து, இடக்கையைக் குறுக்கே நீட்டி, வலப்புறப் பிடியைப் பற்ற முயன்றுகொண்டிருந்தார். உள்ளங்கை லென்ஸை மறைத்தது. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் இருந்தது. எத்தனையோ நிக்காஹ் மேடைகளில் ஒரு நொடியைக் கூடத் தவறவிடாத மனிதர், பொத்தான் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டோம். மறுநாள் கேமரா அலமாரிக்குள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு பூட்டப்பட்டிருந்தது. சாவியை உம்மாவிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

இளைய தங்கையின் நிக்காஹ் முடிவானபோதுதான் அந்த அலமாரி மீண்டும் பேச்சில் வந்தது. மணக்கோலத்தில் தன்னை அந்நிய ஆடவர் யாரும் படம் எடுக்கக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். பெண் புகைப்படக்காரரை அழைக்கலாம் என்றோம். அவள் தலையசைத்தாள்.

“அக்காவுக்கு வாப்பாதானே எடுத்தாங்க. எனக்கும் வாப்பா எடுக்கட்டும். இல்லாட்டி படமே வேண்டாம்.”

வாப்பா அந்த அறையில்தான் இருந்தார். எதுவும் சொல்லவில்லை. அஸர் தொழுகைக்கு எழுந்து போய்விட்டார்.

நிக்காஹுக்கு நாற்பது நாள் இருந்தது. நாங்கள் வழி தேடத் தொடங்கினோம். இடக்கைக்காரர்களுக்கெனத் தனியே டிஎஸ்எல்ஆர் கேமரா கடைகளில் எங்கேனும் உண்டா என்று விசாரித்தோம். எங்கும் கிடைக்கவில்லை. தேடும்போது ஒன்று தெரிந்தது. 1936இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இஹாகி என்னும் நிறுவனம் செய்த கினே எக்ஸக்டா என்னும் 35 மில்லிமீட்டர் எஸ்எல்ஆர் கேமராவில் பொத்தான் இடப்புறத்தில் இருந்தது; ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலும் இடப்புறத்தில். இவ்வகைக் கேமராக்களின் தொடக்க காலத்திலேயே இடக்கையால் இயக்கும் ஒன்று இருந்திருக்கிறது. உலகம் அந்த வழியில் செல்லவில்லை, அவ்வளவே. வாப்பாவிடம் இதைச் சொன்னபோது, வெகுநாளைக்குப் பின் அவர் முகத்தில் ஒரு ஆர்வம் தெரிந்தது. “அப்ப செய்ய முடியாததில்ல. செய்யல,” என்றார். அன்று மாலை உம்மாவிடம் சாவியைக் கேட்டு வாங்கினார்.

முதலில் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தோம். அப்போது பிடி இடப்புறம் வந்துவிடுகிறது. பொத்தான் அடியில் அமைகிறது. லென்ஸ் வழியே வரும் ஒளி, சாய்ந்த கண்ணாடியில் பட்டு, மேலே பென்டாபிரிசத்தில் திரும்பி, நேரான காட்சியாகக் கண்ணை அடைகிறது. கேமராவைக் கவிழ்த்தாலும் அந்தக் காட்சி கவிழ்வதில்லை. ஆனால் வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒளிரும் எண்கள் கவிழ்ந்துவிடுகின்றன. எண்களைப் படிக்க வாப்பா கழுத்தை வளைத்தார். லென்ஸோடு சேர்த்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை, தாங்க மறு கை இல்லாமல் ஒற்றைக் கையில் தொங்கியது. ஒரு நிமிடத்தில் கை நடுங்கத் தொடங்கியது. இறக்கி வைத்துவிட்டார்.

முக்காலியில் நிறுத்தி, பின்புறத் திரையைத் தொட்டுப் படமெடுக்கலாம் என்றோம். அதையும் செய்து பார்த்தார். “இது டிவி பாக்குற மாதிரி இருக்கு. முகம் எங்கிட்ட வரமாட்டேங்குது,” என்றார். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் வியூஃபைண்டருக்குள் நுழைந்து, உலகத்தில் அந்த ஒரு முகத்தைத் தவிர வேறெதுவும் இல்லாமல் பார்த்துப் பழகியவர் அவர்.

இறுதியில் வழி மிக எளியதாக இருந்தது. கேமராவின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குள் ஒளிந்திருக்கும் சிறு துளையில் செருகும் கம்பி ரிமோட். சில நூறு ரூபாய்தான். அதன் பொத்தானும் கேமராவின் பொத்தானைப் போன்றே இரு படி கொண்டது. பாதி அமுக்கினால் குவியம், முழுதும் அமுக்கினால் படம். முக்காலி எடையைத் தாங்கும். நாற்காலியில் அமர்ந்து, கண்ணை வியூஃபைண்டரில் வைத்து, இடக்கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டால் பொத்தான் இடக்கைக்கு வந்துவிடுகிறது.

சக்கரங்கள் மட்டும் மிஞ்சின. அவற்றை யார் திருப்புவது?

“நீங்க திருப்புங்க,” என்றார் வாப்பா.

அன்றுதான் எங்கள் பாடம் தொடங்கியது. கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு பொத்தானையும் விரலால் கண்டுபிடிக்கச் சொன்னார். எம் என்னும் கைமுறை நிலையில் முன்சக்கரம் ஷட்டர் வேகத்தை மாற்றுகிறது, பின்சக்கரம் அபர்ச்சரை மாற்றுகிறது என்பது அத்தனை ஆண்டு அவர் வீட்டில் வளர்ந்த எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சக்கரத்தின் ஒவ்வொரு ‘கிளிக்’கும் ஸ்டாப் என்னும் அளவில் மூன்றில் ஒரு பங்கு, மூன்று கிளிக் சேர்ந்தால் வெளிச்சம் இரு மடங்காகும், அல்லது பாதியாகும். வாப்பா கண்ணை எடுக்காமலேயே எங்கள் விரல் எத்தனை கிளிக் திருப்பியது என்பதைக் காதால் எண்ணினார். இரண்டு என்று சொல்லி மூன்று திருப்பினால், “ஒன்ன திருப்பிக் குடு,” என்பார். கணக்கில் ஏமாற்றவே முடியாத கடைக்காரரிடம் சில்லறை மாற்றுவது போல் இருந்தது.

இத்தனை ஆண்டும் அவருடைய கை தானாகச் செய்தவற்றை, அவர் இப்போது சொற்களாக மாற்ற வேண்டியிருந்தது. அது அவருக்கும் எளிதாக இல்லை. சில நாள் எரிந்து விழுந்தார். “என் விரலுக்கு இதெல்லாம் நான் சொன்னதே இல்ல,” என்றார் ஒருநாள். சொல்லிவிட்டுத் தன் வலக்கையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நெடுநாள் கூட வேலை பார்த்தவரைப் பார்ப்பது போல் இருந்தது.

நிக்காஹ் அன்று, லுஹருக்குப் பிறகு, மேற்குச் சன்னல் உள்ள அறையை ஒதுக்கினோம். உறவுப் பெண்கள் வெளியேறிய பின் கதவைச் சாத்தினோம். உள்ளே வாப்பா, உம்மா, நாங்கள் இருவர், மணப்பெண். சன்னலில் வெள்ளைத் துணி கட்டி வெயிலை மென்மையாக்கியிருந்தோம். ஐஎஸ்ஓ 800, வேகம் நொடியில் 125இல் ஒரு பங்கு, அபர்ச்சர் நான்கு. அவள் தலையில் வெண்ணிற முக்காடு. வெண்மை மிகுந்த காட்சியைக் கண்டால் கேமராவின் வெளிச்சமானி ஏமாந்துவிடும். அதைச் சாம்பல் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கச் சொல்லும். “மீட்டர் சொல்றதக் கேக்காதீங்க. பின்சக்கரம், ரெண்டு கிளிக் தெறங்க,” என்றார். திறந்தோம்.

முதல் படம். இரண்டாவது படம். மூன்றாவது படத்தின்போது அவர் தலையை நிமிர்த்தினார்.

“சத்தம் நீளுது. முன்சக்கரத்த யாரு தொட்டது?”

நாங்கள் யாரும் தொடவில்லை என்றே நினைத்தோம். பார்த்தால், கையை விலக்கும்போது முன்சக்கரம் உரசி உருண்டு, வேகம் 15இல் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தது. ஷட்டர் திறந்து மூடும் ஓசையின் நீளத்தில் அவர் அதைக் கேட்டுவிட்டார். அந்தப் படத்தில் தங்கையின் முகம் நீரில் கலைந்த நிழல் போல் இருந்தது. ஒன்பது கிளிக் திருப்பி வேகத்தை மீட்டோம். மணப்பெண் அதுவரை விறைப்பாக அமர்ந்திருந்தவள், எங்கள் இருவரின் திருட்டு முழியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கி, கண் நிறைந்து, அவள் வாப்பாவை நேராகப் பார்த்த அந்த இடத்தில் இடக்கை ரிமோட்டை அமுக்கியது.

எஸ்எல்ஆர் கேமராவில் ஒரு விந்தை உண்டு. படம் பதிவாகும் நொடியில் கண்ணாடி மேலெழுந்து ஒளியைப் பின்னால் விடுகிறது. அந்நேரம் வியூஃபைண்டர் இருண்டுபோகும். 1954இல் ஜப்பானின் அசாஹி நிறுவனம் தன் அசாஹிஃப்ளெக்ஸ் கேமராவில் உடனே தானாகத் திரும்பும் கண்ணாடியை அமைத்ததிலிருந்து அந்த இருட்டு இமைப்பொழுதாகச் சுருங்கியது, ஆனால் மறையவில்லை. ஆகவே படமெடுப்பவர், தாம் எடுத்த அந்த நொடியை மட்டும் கண்ணால் காண்பதில்லை. அதற்கு முந்தியதைக் காண்கிறார், பிந்தியதைக் காண்கிறார். நடுவில் இருப்பதை நம்பி விடுகிறார்.

வாப்பா திரையில் பார்க்கவில்லை. “வந்திருக்கும்,” என்றார். ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு, இடக்கையால் வலக்கையை எடுத்து அதன் அருகில் வைத்துக்கொண்டார்.

மொத்தம் பதினான்கு படங்கள். அவற்றில் ஒன்று மட்டும் அச்சிடப்பட்டு, தங்கையின் புகுந்த வீட்டில் அவளுடைய அலமாரிக்குள் இருக்கிறது. அதை இங்கே வெளியிட மாட்டோம் என்பதை வாசகர்கள் அறிவீர்கள். அது நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம். அல்ஹம்துலில்லாஹ்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எங்கள் கண் சில இடங்களில் நின்றுவிடுகிறது. ஹவுளின் ஓரத்தில் குந்தி அமர்ந்து உளூச் செய்ய முடியாத முதியவருக்கு ஓர் உயர்ந்த இருக்கை இருக்கிறதா? பள்ளிவாசல் படியில் பிடித்து ஏறக் கம்பி இருக்கிறதா? இருந்தால் எந்தக் கைப்பக்கம் இருக்கிறது? யாரும் தீங்கு நினைத்து இவற்றை இப்படி அமைக்கவில்லை. கேமராவை வடித்தவர்களும் தீங்கு நினைக்கவில்லை. தம் கையைப் போன்றதே எல்லார் கையும் என்று எண்ணிவிட்டார்கள். நாமும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நம் வீட்டில் ஒரு கை ஓயும் வரைக்கும். சரிசெய்ய வேண்டியது பெரும்பாலும் சில நூறு ரூபாய்க் கம்பியும், கூட நிற்கும் இரண்டு பேருமாகத்தான் இருக்கிறது.

ஸ்டூடியோ இப்போது அஸருக்குப் பின் மஃரிப் வரை திறந்திருக்கிறது. முக்காலி தரையில் ஒட்டிய நாடாக் குறிகளின் மேல் நிற்கிறது. பாஸ்போர்ட் படத்துக்கு ஒளியும் தூரமும் மாறுவதில்லை என்பதால் சக்கரங்களைத் தொட வேண்டிய தேவையே இல்லை. மாறவேண்டி வந்தால், எங்களில் யாரேனும் ஒருவர் இருப்போம். நாங்கள் இல்லாத நாளில் உம்மா இருக்கிறார். கிளிக் எண்ணுவதில் எங்களைவிட அவர் கெட்டி என்று வாப்பாவே சொல்கிறார்.

வாப்பாவின் உடல்நலத்துக்காகவும், தங்கையின் புது வாழ்வில் பரக்கத்துக்காகவும் துஆச் செய்யுங்கள்.